வராத நோய்க்கு மருந்து கேட்டவர்

சுருளிப்பட்டி ராஜபாண்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் கோபத்துக்கு எப்போதும் எதிரில் ஓர் ஆள் இருப்பான். விலையை அடித்துக் கேட்கும் வியாபாரி, முறை மாற்றித் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளும் பக்கத்துத் தோட்டத்துக்காரன், கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டத் தெரியாத கூலியாள் என்று யாராவது ஒருவர் மாட்டுவார். வாய் வலிக்கத் திட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதே ஆளிடம் போய் வெற்றிலை கேட்பார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வந்த கோபம்தான் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அல்லாடியது. அது அவருடைய சொந்த ரத்தத்தின் மேல் வந்த கோபம்.

அவருக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. அப்பா வைத்த பழைய கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, புதிதாகக் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டி அவரே எழுப்பிய பந்தல். ஒரே மகள் யுவராணியைப் போடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி மகாலட்சுமியும் மட்டும்தான். அவருக்கு இருந்த ஒரே பெருமை, தன் தோட்டத்தில் நோய் விழாது என்பது. அந்தப் பெருமைக்குக் காரணமும் இருந்தது.

திராட்சையில் செவட்டை என்று ஒரு நோய் உண்டு. இலையில் எண்ணெய்த் துளி பட்டதுபோல் ஒரு புள்ளி தெரியும். அதைப் பார்த்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடித் திரும்புவதற்குள் காயெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அதனால் விவரமுள்ள திராட்சைக்காரன் புள்ளிக்காகக் காத்திருக்க மாட்டான். மேற்கு மலையில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மேகம் கட்டினால் போதும், இலை பளபளவென்று இருக்கும்போதே மருந்தை அடித்துவிடுவான். ராஜபாண்டி அதிலும் ஒரு படி முந்திக்கொள்வார். மேகம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே அவர் தோட்டத்தில் ஸ்பிரேயர் சத்தம் கேட்கும். புள்ளி வந்த பிறகு மருந்தடிக்கிறவனை அவர் விவசாயி என்றே மதிப்பதில்லை, வேடிக்கை பார்க்கிறவன் என்பார்.

அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்துத்தான், நோய் வரட்டும், வந்த பிறகு மருந்து தருகிறோம் என்று சொன்னார்கள்.

தேனியில் குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்ந்தபோது ஆரம்பித்தது அது. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒன்று இருக்க வேண்டிய அளவைவிட எக்கச்சக்கமாக ஏறி நின்றது. குடலிறக்கத்தைச் சரிசெய்து அனுப்பிய டாக்டர், "எதுக்கும் மதுரையில ரத்தத்துக்குன்னு இருக்குற டாக்டரைப் பாத்துருங்க" என்று எழுதிக் கொடுத்தார். அந்த "எதுக்கும்" ராஜபாண்டிக்குப் பிடிக்கவில்லை. எதுக்கு என்று தெரிந்தால் போகலாம், எதுக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனைவியிடம் கேட்டுக்கொண்டே போனார். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

மதுரை டாக்டரின் பெயர் ஞானசெல்வி. பொறுமைசாலி. மறுபடி ரத்தம் எடுத்து, மூத்திரம் எடுத்து, படம் எடுத்து, எல்லா முடிவும் வந்த பிறகு அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மகாலட்சுமி வெளியே பெஞ்சில் இருந்தாள். பொம்பளை பயந்துவிடுவாள் என்று ராஜபாண்டிதான் அவளை அங்கேயே உட்காரச் சொல்லியிருந்தார்.

"ஐயா, உங்க எலும்புக்குள்ள இருக்குற மஜ்ஜையில சில அணுக்கள் ஒரு புரதத்தைத் தேவையில்லாம உண்டாக்கி ரத்தத்துல விடுது. இது கேன்சர் இல்லை. முதல்ல அதை மனசுல வாங்கிக்கங்க. இது மாதிரி நூறு பேர் இருந்தா, வருஷத்துக்கு ஒருத்தருக்குக் கேன்சரா மாறலாம். உங்களுக்குக் கடைசி வரைக்கும் மாறாமலே போகலாம்."

"சரிங்கம்மா. மாறாம இருக்க என்ன மருந்து?"

"மருந்து கிடையாது. தேவையும் இல்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ரத்தம் குடுங்க. பாத்துக்கிட்டே இருப்போம்."

"பாத்துக்கிட்டே இருந்து?"

"மாறுற மாதிரித் தெரிஞ்சா உடனே வைத்தியம் ஆரம்பிச்சுரலாம். நல்ல மருந்துங்க இருக்கு."

ராஜபாண்டிக்குக் காது சூடேறியது. நல்ல மருந்து இருக்கிறது என்கிறார். ஆனால் இப்போது தர மாட்டாராம். வந்த பிறகுதான் தருவாராம். தன் தோட்டத்துக் கதை முழுவதையும், மேகம் கட்டுவதில் இருந்து காய் உதிர்வது வரை, அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னார். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"இது திராட்சைக் கொடி இல்லைங்கய்யா. அந்த மருந்துங்க உங்க நல்ல ரத்தத்தையும் சேத்து அடிச்சுரும். வராத நோய்க்கு அதைக் குடுத்தா உங்களுக்குத்தான் கெடுதல்."

போகும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். எலும்பில் வலி, அதிக அசதி இருந்தால் ஆறு மாதம்வரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும். நல்ல யோசனைதான், வேறு எவருக்காவது சொல்லியிருந்தால். திராட்சைப் பந்தல் ஆள் உயரத்துக்குமேல் அரை முழம்கூட இருக்காது. நாளெல்லாம் கழுத்தை அண்ணாந்து, முதுகை வளைத்து, கையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்கிறவனுக்கு எலும்பு எந்த நாளில் வலிக்காமல் இருந்தது? கொடியை வெட்டிவிடும் கவாத்துச் சமயத்தில் சுருளிப்பட்டியில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். இதுநாள்வரை அது வெறும் இடுப்புவலியாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வலியும், நான் யார் தெரியுமா என்று அவரைக் கேட்டது.

உறக்கம் போயிற்று. புரண்டு புரண்டு படுப்பார். எழுந்து உட்கார்ந்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்ப்பார். பகலில் அந்த எரிச்சல் முழுவதும் வெளியே வரும். குழம்பில் உப்புக் குறைந்தால் கத்தினார், கூடினால் கத்தினார், சரியாக இருந்தால் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கத்தினார்.

ஊருக்குச் சொல்வது அதைவிடப் பெரிய தொல்லை. நோய் என்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். சர்க்கரை என்றால் சர்க்கரை, பிரஷர் என்றால் பிரஷர். டாக்டர் சொன்ன பெயரோ நான்கு ஆங்கில எழுத்து. அது மோட்டார் கம்பெனிப் பெயர் மாதிரி இருந்தது. மகாலட்சுமியின் அண்ணன் காமராஜ் டீக்கடையில் வைத்துக் கேட்டார்.

"என்ன மாப்ள, மதுரைக்குப் போனீகளாமே. என்ன சொன்னாக?"

"ஒண்ணுமில்ல மச்சான். ரத்தத்துல சின்னக் கோளாறாம். கேன்சரெல்லாம் இல்லன்னுட்டாக. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வரச் சொல்லிருக்காக."

அவ்வளவுதான் சொன்னார். கேன்சர் இல்லை என்று ஒருவர் தானாகச் சொன்னால் கேட்கிறவன் காதில் அதில் பாதிதான் விழும். காமராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். ஒன்றுமில்லை என்றால் எதற்காக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள் என்று கேட்டார். ராஜபாண்டியும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அத்தை முறையாகும் மூக்கம்மாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டிப் பொட்டலமுமாக வந்து சேர்ந்தாள். நடுவீட்டில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏ ராசா, ஒனக்கா இப்பிடி வரணும்."

"அத்தே, எனக்கு ஒண்ணும் வரல."

"எங்கிட்ட எதுக்கு மறைக்கிற?"

"மறைக்கல அத்தே. வரல. வரலாம், வராமலும் போகலாம்."

"அய்யோ, நாளு குறிச்சுட்டாகளா" என்று அவள் குரல் எடுத்து அழ ஆரம்பித்தாள். ராஜபாண்டி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துத் தெருவில் வீசப் போனார். மகாலட்சுமி பிடுங்கி அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அந்த அலமாரி நிரம்பிக்கொண்டே போனது. நோய் விசாரிக்க வருவது பெரிய கடமை; யாரும் தவறவிட மாட்டார்கள். தெம்பாக நிற்கிற மனிதரிடம் வந்து, மெலிந்துவிட்டீர்களே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தினமும் அதையே கேட்டால் எந்த மனிதனுக்கும் சட்டை தொளதொளத்துத்தான் தெரியும்.

முதல் ஆறு மாதம் முடிந்து தை மாதத்தில் மதுரைக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், அப்படியேதான் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள். குறையவில்லையா என்று ராஜபாண்டி கேட்டார். குறையாது என்றார். போகாதா என்றார். போகாது, இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை, வாய்தா மட்டும் கிடைத்தது. அன்றைக்குத் திரும்பி வந்தவர் நேராகக் கம்பத்துக்குப் போய், திராட்சை வியாபாரி பொன்னுராஜின் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

பொன்னுராஜ் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், தராசில் கை வைக்காதவர். அவருடைய லாரி திராட்சை ஏற்றிக்கொண்டு மலை இறங்கி முண்டக்கயம் பக்கம் போய்வரும். ராஜபாண்டி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் யோசித்துச் சொன்னார்.

"தம்பி, டாக்டரு மருந்து குடுக்கலேன்னா விடுங்க. கேரளாவுல அங்கன வீட்டுக்கு வீடு இரும்பன்புளின்னு ஒரு மரம் வெச்சிருக்காக. அந்தக் காயைப் பிழிஞ்சு குடிச்சா கொழுப்பு எறங்குது, ரத்தம் சுத்தமாகுதுங்காக. எல்லாரும் குடிக்கிறாக. லாரி வரும்போது ஒரு பை போடச் சொல்றேன்."

அடுத்த வாரமே பை வந்தது. விரல் நீளத்தில் பச்சைப் பசேல் என்று, வழவழப்பாக, பார்த்தாலே பல் கூசுகிற காய். மீன் குழம்பில் இரண்டு போட்டால் போதும், புளியே வேண்டாம். அதைப் பை பையாகப் பிழிந்து குடிக்கப் போகிறார் என்று மகாலட்சுமி முதலில் நம்பவில்லை.

ராஜபாண்டிக்கோ மாதக்கணக்கில் காணாத தெளிவு வந்துவிட்டது. கடைசியில் செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. தோட்டத்துக்கு மருந்து முறை வைப்பதுபோல் தனக்கும் ஒரு முறை வைத்துக்கொண்டார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். மேகம் கட்டிய நாளில் ஒன்று கூடுதல். இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. மழைக்காற்று அடித்தால் நோய்க்குத் தெம்பு வரும் என்பது அவர் முப்பது வருடமாகக் கண்ணால் பார்த்த உண்மை. அந்த உண்மை கொடிக்கு மட்டும்தான் பொருந்தும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

காயை நறுக்கி, இடித்து, துணியில் கட்டிப் பிழிவது மகாலட்சுமியின் வேலை. சாறு பட்டுப் பட்டு அவள் விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"இவ்வளவு புளிப்ப எந்த ஒடம்பு தாங்கும்? ஒங்களுக்குச் சோறே எறங்க மாட்டேங்குது. டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடிங்களேன்."

"எத்தன நாளு நானும் கேட்டேன்? கையக் கட்டிக்கிட்டு உக்காருன்னாக. பிழியச் சோம்பலா இருந்தா சொல்லு, நானே பிழிஞ்சுக்குறேன்."

பை வர வரப் பிழிந்து கொடுத்தாள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. முகம் லேசாக வீங்கியது, சதை போட்டிருக்கிறது என்று ராஜபாண்டி சொல்லிக்கொண்டார். பழைய சுபாவம் கொஞ்சம் திரும்பியது. கூலியாளைத் திட்டினார், வெற்றிலை கேட்டார்.

ஆடியில் இரண்டாவது தடவையாக மதுரைக்குப் போனபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். இந்தத் தடவை குறைந்திருக்கும், என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்பார், அப்போது சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகையே பார்த்துவைத்திருந்தார். ஞானசெல்வி டாக்டர் முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் முதலில் இருந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை ராஜபாண்டி கண்டார்.

"ரத்தத்துல உப்பு ஏறியிருக்குங்கய்யா. கிட்னி சரியா வேலை செய்யல. வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"இல்லம்மா."

"நாட்டு மருந்து, லேகியம், பொடி, யாராவது குடுத்தது?"

"ஒண்ணும் இல்லம்மா."

பொய் சொல்லவில்லை அவர். மருந்து தர மாட்டேன் என்றார்கள், அவரும் மருந்து எதுவும் சாப்பிடவில்லை. காய்ச் சாறு எப்படி நாட்டு மருந்தாகும்? குழம்பில் போடுகிற காய் அது. அதுவுமில்லாமல், உப்பு ஏறிவிட்டது என்று கேட்டபிறகு தன் சாதனையைச் சொல்ல வாயும் வரவில்லை.

டாக்டர் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார். இந்தப் புரதம் கேன்சராக மாறும்போது முதலில் அடிபடுவது சில சமயம் கிட்னிதான். மாறிவிட்டது என்று இப்போது சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தங்கிக் கிட்னியையும் பார்த்துவிடலாம். ஊசிக்கு ஒப்புக்கொண்டவர், தங்குவதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத்தில் காய் நிற்கிறது என்றார். உடம்பில் எது மாறினாலும் உடனே வர வேண்டும் என்று பலமுறை சொல்லி, முடிவு வரச் சில நாள் ஆகும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பந்தல் இலையில் புள்ளி விழுந்துவிட்டால் திராட்சைக்காரன் என்ன செய்வான்? மருந்தின் அளவைக் கூட்டுவான். ராஜபாண்டியும் அதைத்தான் செய்தார். ஊருக்கு வந்ததும் பொன்னுராஜுக்குப் போன் போட்டு இரண்டு பையாக அனுப்பச் சொன்னார். இரண்டு டம்ளர் நான்காயிற்று. இடுப்பில் ஊசி குத்திய இடத்தைப் பிடித்துக்கொண்டு, வந்திருச்சு, வந்திருச்சு, அன்னைக்கே மருந்து குடுத்திருந்தா வந்திருக்குமா என்று சுவரைப் பார்த்துத் திட்டினார். திட்டி முடித்ததும் மகாலட்சுமியிடம் டம்ளருக்குக் கை நீட்டினார். கொடுத்தாள்.

ஐந்தாறு நாள்கூட ஆகவில்லை. குடித்தது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. மூத்திரம் நின்றுபோனது. கால் தூண்போல் வீங்கியது. பேச்சு குழறத் தொடங்கியதும் மகாலட்சுமி அண்ணனைக் கூப்பிட்டாள். காமராஜ் கம்பத்தில் இருந்து கார் பிடித்து வந்தார். ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டும்போது ராஜபாண்டிக்கு நினைவு இல்லை.

ஆஸ்பத்திரியில் நேராக டயாலிசிஸுக்குக் கொண்டுபோனார்கள். கிட்னியைப் பார்க்கிற இளவயது டாக்டர் ஒருவர், அஜய்குமார் என்று பெயர், வராந்தாவுக்கு வந்து மகாலட்சுமியை உட்காரச் சொன்னார். அவர் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் அவர் வாயில என்னென்ன போகுது? ஒண்ணு விடாமச் சொல்லுங்கம்மா."

அவள் டீயில் ஆரம்பிக்கவில்லை. தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கில் தோல் வெந்திருந்தது. அந்தப் புளியைச் சொன்னாள். எத்தனை மாதம், எத்தனை டம்ளர் என்று டாக்டர் கேட்கக் கேட்கச் சொன்னாள். அவர் கேரளாவில் படித்தவர். அங்கே இந்தச் சாற்றைக் குடித்து இப்படியே வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறார். குழம்பில் போட்டால் ஒன்றும் செய்யாது, இப்படிப் பச்சையாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்தால் அதில் உள்ள உப்பு கிட்னிக்குள் மணலாகப் படிந்து அடைத்துவிடும் என்றார். கிட்னியை அடித்தது அநேகமாக இதுதான், கேன்சர் இல்லை என்றும் சொன்னார். நல்ல செய்திதான். அதைக் கேட்ட மகாலட்சுமி அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சில தடவை டயாலிசிஸ் செய்த பிறகு கிட்னி மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. வார்டில் படுத்திருந்த ராஜபாண்டியிடம் ஞானசெல்வி டாக்டர் மஜ்ஜைச் சோதனை முடிவோடு வந்தார்.

"மாறலைங்கய்யா. ஒரு வருஷத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யுவராணி அழுதாள். ராஜபாண்டி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே?" என்று கேட்டார்.

"கிட்னி டாக்டர் கூப்பிடுறப்பல்லாம் அவரைப் பாருங்க. எங்கிட்ட ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அந்த அம்மாவின் மேல் ஒரு தவறும் இல்லை. அவர் அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொன்னார். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்டதும் ராஜபாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊசி குத்தி, ரத்தத்தை எந்திரத்தில் விட்டுச் சுற்றி, சாவின் வாசலைப் பார்த்துவிட்டு வந்தும், கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கிறார். ஒரு அடி முன்னால் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து விட்ட நாளில், பஸ் வேண்டாம் என்று வீட்டார் சொல்லியும் கேட்காமல் கம்பம் பஸ்ஸில் ஏறினார். உட்கார்ந்ததில் இருந்து வாய் ஓயவில்லை. உசிலம்பட்டி வரை டாக்டர்களைத் திட்டினார். ஆண்டிபட்டி வரை ஹார்லிக்ஸ் கொண்டுவந்தவர்களைத் திட்டினார். தேனியில் பஸ் நின்று கிளம்பியபோது பொன்னுராஜின் முறை வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து காலடியில் நின்று கலங்கிவிட்டுப் போன மனிதர் அவர். அவரைப் போய், கேரளாக்காரன் பேச்சைக் கேட்டு என்னைக் கொல்லப் பார்த்தான் என்று ஆரம்பித்தார்.

"போதும்" என்றாள் மகாலட்சுமி.

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த அண்ணாச்சி வாயாலதான சொன்னாக. பிழிஞ்சது யாரு?"

ராஜபாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான பிழிஞ்சேன். ஒரு வேள தவறாமப் பிழிஞ்சேன். நீங்க நெனப்பில்லாமக் கெடக்கையில அந்த டாக்டரு தம்பி, இதுதான் கிட்னிய அடிச்சதுன்னு சொன்னாக. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீகளா? அன்னைக்கு நீங்க போயிருந்தா எந்தப் புத்துநோயிலயும் போகல. எங் கையாலதான் போயிருப்பீக. அதுக்குப் பெறகு நான் எந்தக் கையால சோறள்ளித் திங்கிறது?"

வழக்கமாக வருகிற கத்தல் அன்றைக்கு வரவில்லை. வீரபாண்டியில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பஸ் கிளம்பியதும் கேட்டார்.

"கெடுதல்னு ஒனக்குத் தோணிருக்கு. பெறகு ஏன் பிழிஞ்ச?"

"அதக் குடிக்க ஆரம்பிச்ச பெறகுதான் நீங்க ஒறங்குனீக. அதுக்கு முன்னால விடிய விடிய முதுக அமுக்கிப் பாத்துக்கிட்டு, பயந்துக்கிட்டே கெடந்தீக. பக்கத்துல படுத்திருக்கவளுக்குத் தெரியாதா?"

பயம் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. கோபக்காரர் என்றுதான் ஊர் சொன்னது, அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கென்ன பயம் என்று எப்போதும்போல் சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னமும் பயமாத்தான் இருக்கு, லட்சுமி" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "தையில போறப்ப நானும் டாக்டரம்மா ரூமுக்குள்ள வருவேன். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள்.

"வா" என்றார் ராஜபாண்டி.